ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஒரு வரலாற்றுப் பாடம்தான்

உங்க வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளைகிட்ட கண்டுபிடிப்புன்னா என்னன்னு கேளுங்க. பல்பு, ராக்கெட்டுன்னு சொல்லும். அப்போ இதைச் சொல்லிக் கொடுங்க.

1971. வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குடிக்கக் கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பது 1960களின் ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். அதை நம்பி முகாமில் இறங்கியதுதான் புதுமை.

இன்னைக்கும் வயித்துப்போக்கோட வர்ற குழந்தைக்கு நாங்க முதல்ல கொடுக்கிறது இதைத்தான். அந்தப் பாக்கெட்டைக் கையில கொடுத்தே பாடத்தை ஆரம்பிங்க.