மகப்பேறும் மனவதிர்ச்சியும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களிடையே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு மணமாகும்போது வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மருமகன் அவ்வீட்டிற்கு வந்து சேர்வான். தமிழரிடையே மட்டுமன்றிக் காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. இதன் பழைய சட்ட வடிவமே முக்குவர் சட்டமாகும். ஒருவனது முதுசம் அவன் பிள்ளைகளைச் சேராது சகோதரியின் பிள்ளைகளைச் சேரும் என்று வகுத்த அச்சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டிலேயே 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பிறந்து, முக்குவர் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்குக் கிடைத்த நீடிப்பு இதற்குக் கிட்டவில்லை.

தாயின் சொத்தை இத்துணை நுணுக்கமாகப் பேணிய ஒரு சமுதாயத்தில், தாயின் உடலுக்கும் உள்ளத்துக்கும் மகப்பேற்றின்போது நேரும் தீங்கு ஒரு வழக்காக உருப்பெறவில்லை என்பது சிந்தித்தற்குரியது. பிரிற்றோ தொகுத்தது மரபுரிமை விதிகளையே. பிரசவம் பெண்கள் அறைக்குள் நிகழ்வது. மருத்துவிச்சி அறிவாள், தாய் அறிவாள். அதில் நேரும் துன்பம் விதியின்பாற் பட்டது. இவ்வெண்ணம் வாவிக்கரைக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆங்கில நீதிமன்றங்களின் வரலாறு தெளிவுறுத்தும்.

மன அதிர்ச்சிக்கு நட்டஈடு கோரும் சட்டத்தின் தொடக்க வழக்குகளிற் சில கருவுற்ற பெண்களைப் பற்றியவை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலே, புகையிரதக் கடவையைக் குதிரை வண்டியிற் கடந்த ஒரு தம்பதியர் மயிரிழையிற் தப்பினர். வண்டியிலே வண்டித் தட்டுப்படவில்லை. எனினும் மனைவி அதிர்ச்சியுற்றுக் கருச்சிதைவுக்கும் ஆளானாள். 1888இல் இலண்டன் கோமறைக் கழகம், உடற்காயமின்றி வெறும் திகிலால் விளைந்த தீங்கு மிகத் தொலைவானது எனக் கூறி அவர்கள் கோரிக்கையை மறுத்தது. அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்று அக்கழகமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நிலை 1971 வரை நீடித்தது. 1901இல் இங்கிலாந்தில், கணவனின் மதுச்சாலைக்குள் குதிரை வண்டியொன்று புகுந்துவிட, அங்கு நின்ற கர்ப்பிணி குறைமாதத்திற் பிள்ளை பெற்றாள். தன் உயிருக்கு நேர்ந்த அச்சத்தால் விளைந்த தீங்காதலின் அவளுக்கு வழக்கிட உரிமையுண்டு என அம்முறை தீர்ப்பாயிற்று. எடின்பரோவில் 1938இல் நிகழ்ந்த விபத்தையொட்டிய பேர்ஹில் எதிர் யங் வழக்கின் வழக்காளியோ மீன் விற்றுப் பிழைத்தவள். வாவிக்கரை வாசகருக்கு அவ்வுருவம் அந்நியமானதன்று. மீன்கூடையை முதுகிலேற்றிக் கொண்டிருந்தவேளை சற்றுத் தொலைவில் மோட்டார்ச் சைக்கிள் மோதிய ஓசை அவளைக் கலக்கியது; பின்னர் பிறந்த குழந்தை உயிரற்றிருந்தது. அவளுக்கு அத்தீங்கு நேருமென முன்கூட்டி எண்ணியிருக்க இயலாது எனப் பிரபுக்கள் சபை 1942இல் கைவிரித்தது.

இம்மூன்றிலும் ஒன்று பொதுவாயுள்ளது. தீங்கு வெளியிலிருந்து வந்தது: புகையிரதம், குதிரை, மோட்டார்ச் சைக்கிள். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அதன் விளைவாக, அதிர்ச்சி மெய்யென்பதற்குச் சான்றாக, நீதிபதிகள் முன் நின்றன. பிரசவ அறையே அதிர்ச்சியின் பிறப்பிடமாகலாம் என்ற வினா எழவேயில்லை.

மருத்துவமும் இதே போக்கிலேயே சென்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீட்டு நோயைத் தன் கைநூலிற் சேர்த்தபோது, வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சியே அதற்குக் காரணமாகும் என்று கொள்ளப்பட்டது. பிள்ளைப்பேற்றை விட வழமையானது எது? 1994இல் அவ்வரையறை தளர்த்தப்பட்ட பின்னரே, உயிர்போகுமளவு குருதி இழந்த தாயும், பிள்ளை இறப்பதைக் கண்ட தாயும், கனவிலும் நனவிலும் அக்கணத்தை மீண்டும் மீண்டும் அனுபவிப்பதற்கு நோயியற் பெயர் வாய்த்தது.

இலங்கையில் இத்தகைய தாய் வழக்காளியாவதற்குப் பல தடைகள் விலக வேண்டியிருந்தன. உரோமன் ஒல்லாந்தச் சட்டம் மனைவியைக் கணவனின் அதிகாரத்தின்கீழ் வைத்திருந்தது. பொதுச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிற் தானே வழக்கிடும் தகுதியை 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே உறுதிப்படுத்தியது. அதனினும் பெருந்தடை பிரதிவாதியைப் பற்றியது. பிரசவம் வீட்டைவிட்டு இலவச அரசினர் வைத்தியசாலைக்குப் பெயர்ந்தபோது தாய்மாரின் மரணம் பெரிதுங் குறைந்தது. இந்நாட்டின் பெரும் சாதனை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வைத்தியசாலையின் உடைமையாளர் முடி. முடியைத் தீங்குக்காக வழக்கில் இழுக்க முடியாது. தவறிழைத்த ஊழியர்மீது தனிப்பட வழக்கிடலாமேயன்றி, அரசைத் தொட வழியில்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே அக்கதவைத் திறந்தது. வீட்டு மருத்துவிச்சியிடமிருந்து அரசாங்கத்தின் கைக்குச் சென்ற தாய், நெடுங்காலம் யாரையும் பொறுப்புக் கேட்கவியலாத இடத்திற்கே சென்றாள் எனலாம்.

உளத்தீங்கு உடற்தீங்கிலிருந்து வேறானதா என்ற வினாவுக்கு உரோமன் ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் பிறிதொரு நாடாகிய தென்னாபிரிக்காவிலிருந்து 1973இல் விடை வந்தது. தம்பி வாகனத்தில் அடிபட்டிறந்ததைக் கண்ட சிறுவனைப் பற்றிய பெஸ்ரர் வழக்கில், மூளையும் நரம்பு மண்டலமும் உடலின் பகுதிகளே என மேன்முறையீட்டு மன்று துணிந்தது. வெறும் துயரம் போதாது. நோயெனக் காட்டத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அத்தீர்ப்புகள் இலங்கை மன்றுகளைக் கட்டுப்படுத்தாவிடினும் மதிப்புடன் நோக்கப்படுவன. ஆயினும் 2001இல் இலங்கை உயர் நீதிமன்றம் பிரியாணி சொய்சா வழக்கில் வழங்கிய தீர்ப்பு, வழக்காளிகளுக்கு உற்சாகமூட்டுவதாக இல்லை. பிள்ளையை இழந்த தந்தை தொடுத்த அவ்வழக்கில், மருத்துவக் கவனயீனத்துக்கும் மரணத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை எனவும், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு அக்கிலிய வழக்கில் இடமில்லை எனவும் அம்மன்று கூறிற்று. இந்தியாவில் வேறு பாதை பிறந்தது. அங்கு 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்தின்கீழ், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையின் தவறால் நிலைகுலைந்த குழந்தையின் பெற்றோருக்கு மனவேதனைக்காகத் தனியே நட்டஈடு அளித்தது. எனினும் முற்றிலும் இலவசமாய் இயங்கும் அரசு மருத்துவமனைகள் அச்சட்டத்திற்குள் அடங்கா என 1995இலேயே அம்மன்று வரையறுத்திருந்தது. ஆக, வாவிக்கரைத் தாயைப் போன்றவள் அங்கும் வெளியிலேயே நிற்பாள்.

படுவான்கரையின் நிலை தனியே நோக்கற்பாலது. நகரும் பெரிய வைத்தியசாலையும் நீதிமன்றமும் எழுவான்கரைப் பக்கம். வயலும் குடியிருப்பும் மேற்கே. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேயே. அதுவரை இயந்திரப் பாதையே துணை. போர்க்காலத்திற் படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் வசமிருந்தமையால், நோவெடுத்த பெண் வாவியோடு சோதனைச் சாவடியையும் கடக்க வேண்டியிருந்தது. அவ்வாறு தாமதித்ததால் நேர்ந்த தீங்குக்குக் கவனயீனர் யார்? தீங்கியற் சட்டம் ஒரு தவறாளியைத் தேடும். போர் அவ்வாறு பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒருவனைத் தருவதில்லை. அம்மன் கோயில்களிற் தெய்வமேறி வாக்குச் சொல்வோர் முன் இப்பகுதிப் பெண்கள் தம் போர்க்காலத் துயரைக் கொட்டியமையை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் ஆராய்ந்துள்ளார். அங்கே கேட்கச் செவி இருந்தது. நட்டஈடு அங்கு கேட்கப்படும் பொருளன்று.

எஞ்சியிருப்பது காலம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றிற் சமர்ப்பிக்க வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. பிள்ளை பெற்றவள் துடக்கோடு தாய்வீட்டில் ஒதுங்கியிருக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. நட்டஈட்டு வழக்குக்கோ 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இரண்டாண்டு தருகிறது. உடைந்த எலும்புக்கு அது தாராளமானது. ஆனால் மனத்தின் காயம் உடனே தன்னைக் காயமென்று அறிவிப்பதில்லை. முதலாண்டு பிள்ளையோடு கழியும். உறக்கமின்மை பாலூட்டலின் கணக்கிலும், அழுகை உடற்சோர்வின் கணக்கிலும் சேரும். அடுத்த கருவை எண்ணி அஞ்சும்போதோ, வைத்தியசாலை வாசலைக் கண்டு நடுங்கும்போதோதான் அவளுக்கும் வீட்டாருக்கும் ஐயம் பிறக்கும். அதற்குள் இரண்டாண்டு கடந்திருக்கவுங் கூடும். அப்போது அவள் கையில் எஞ்சும் எழுத்துச் சான்று, மருத்துவமாது வீடு வீடாகச் சென்று பதிந்த கர்ப்பவதிப் பதிவட்டை. குருதியமுக்கமும் எடையும் அதில் நாள்வாரியாக இருக்கும்.