நாற்காலி இல்லாத நூல் நிலையம்

ஒரு நகரம் எதைப் பெரிதென்று போற்றுகிறது என்பதை அறிய, அதன் தலைவர்கள் மேடையேறிப் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. அந்நகரின் பொது நூல் நிலையத்துக்குச் சென்று பதிவேட்டைப் புரட்டினால் போதும். உறுப்பினர் எத்தனை பேர், எடுத்துச் சென்ற ஏடுகள் எத்தனை, எந்த வட்டாரத்தில் கிளை உண்டு, எந்த வட்டாரத்தில் இல்லை என்பதெல்லாம் அங்கே எண்களாக அடுக்கப்பட்டிருக்கும். எண் பொய் பேசாது என்பர். மெய்தான். ஆனால், கேளாதவனிடம் அது வாய் திறப்பதும் இல்லை!

“ஏடு எடுத்தோர் எத்தனை பேர்?” இது எவரும் கேட்கும் கேள்வி. “எடுக்கவொட்டாமல் தடுக்கப்பட்டோர் எத்தனை பேர்?” இதைக் கேட்பவருக்கே நகரத்தின் நெஞ்சம் தெரியும். இந்த இரண்டாவது கேள்வி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு, அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களின் வரலாறு சான்று கூறுகிறது.

ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில், 1902-ஆம் ஆண்டு, எழில்மிகு மாளிகையொன்று பொது நூல் நிலையமாகத் திறக்கப்பட்டது. எஃகுத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய கார்னீகி கட்டடத்துக்குப் பணம் தந்தார். நடத்தும் செலவை நகரம் ஏற்றது. நகரம் என்றால் யார்? வரி செலுத்துவோர்! அவர்களில் கறுப்பின மக்களும் உண்டு. அங்கே பேராசிரியராக இருந்த டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், தம் மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு நிருவாகிகளிடம் சென்றார். எங்கள் வரியும் சேர்ந்து நடத்தும் இடத்தில் எங்களுக்கு இடமில்லையா என்று முறையிட்டார். கதவு திறக்கவில்லை. கறுப்பின மக்களுக்கென முதற்கிளை தோன்றியது 1921-இல்! 19 ஆண்டுகள் — ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, வாலிபனாகும் காலம். அந்த 19 ஆண்டுப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவன், ‘இம்மக்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்றுதானே எழுதுவான்? தாழ்ப்பாள் போட்டவன் யார் என்பதைப் பதிவேடு எழுதி வைப்பதில்லையே!

சில வேளைகளில் பதிவேடு வாய் மூடி இருப்பதோடு நிற்பதில்லை. வேறொருவர் பெயரைச் சொல்லி நம்மை ஏமாற்றவும் செய்கிறது. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், 1927-ஆம் ஆண்டளவில், ரிச்சர்டு ரைட் என்ற கறுப்பின இளைஞன் கூலி வேலை பார்த்து வந்தான். மென்கன் என்ற எழுத்தாளரைச் செய்தித்தாள் ஒன்று சாடியிருந்ததைக் கண்டு, அவர் எழுதியவற்றைப் படிக்கத் துடித்தான். வெள்ளையர் ஏவிய பணியாளாகச் சென்றாலன்றி அவனுக்கு அங்கே நுழைவில்லை. எனவே, உடன் பணிபுரிந்த வெள்ளையர் ஒருவரின் அட்டையை இரவல் வாங்கினான். அவர் எழுதியது போலத் தானே சீட்டு எழுதி எடுத்துச் சென்றான். ஐயம் கொண்ட அலுவலரிடம், தனக்குப் படிக்கவே தெரியாது என்று நடித்தான்! நூலைப் பெறுவதற்காக எழுத்தறியாதவனாக வேடம் போட்டவன், பின்னாளில் உலகறிந்த எழுத்தாளன் ஆனான். இந்நிகழ்ச்சியை 1945-இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியும் வைத்தான். மெம்பிஸ் நூல் நிலையக் கணக்கில் அந்த நூல்களைப் பெற்றவர் ஒரு வெள்ளையர். படித்தவனோ கணக்கிலேயே இல்லை!

கணக்கில் இல்லாதவர்கள் தம்மைக் கணக்கில் ஏற்றுமாறு கேட்டபோது நகரங்கள் என்ன செய்தன? 1939 ஆகஸ்டு 21-ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில், கறுப்பின இளைஞர் ஐவர் ஒருவர்பின் ஒருவராக நூல் நிலையத்துள் சென்று உறுப்பினர் அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டதும், ஆளுக்கொரு நூலை எடுத்துத் தனித்தனி மேசைகளில் அமர்ந்து படிக்கத் தொடங்கினர். கூச்சல் இல்லை, குழப்பம் இல்லை. ஆயினும் போலீசார் வந்தனர், கைது செய்தனர். அமைதி காக்க வேண்டிய இடத்தில் அமைதியாகப் படித்தோர் மீது ஒழுங்கு குலைத்ததாகக் குற்றச்சாட்டு! இந்த அறப்போரை வகுத்துத் தந்தவர் சாமுவேல் டக்கர் என்ற 26 வயது வழக்கறிஞர். மறு ஆண்டே நகரம் கறுப்பினத்தாருக்கெனத் தனியாக ஒரு சிறு நூல் நிலையம் கட்டியது. பழைய நூல்களையும் பழைய தளவாடங்களையும் அங்கே அனுப்பியது. டக்கருக்கும் அட்டை தர முன்வந்தனர். அவர் மறுத்துவிட்டார். நகரத்தின் கணக்கில் நூல் நிலையம் ஒன்று இரண்டானது. உரிமை மட்டும் பாதியாகவே நின்றது!

1960-இல் அதே மாநிலத்து டான்வில் நகரம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட அணியின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், 1865-இல் தங்கியிருந்த மாளிகைதான் அந்நகரின் நூல் நிலையம். கறுப்பின மாணவர்கள் உள்ளே சென்றனர்; வழக்கு எழுந்தது; அனைவரையும் அனுமதிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. நகரம் நூல் நிலையத்தையே இழுத்து மூடியது! சில திங்கள் சென்று மீண்டும் திறந்தபோது, உள்ளே நாற்காலிகள் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் அருகருகே அமர்ந்து படித்துவிடக் கூடாதாம். ஆகவே எவரும் அமரவேண்டாம்! பிறன் உண்ணக் கூடாது என்பதற்காகத் தன் சோற்றிலும் மண்ணைப் போட்டுக்கொள்ளும் மதியை என்னென்பது! அறிவா, ஆதிக்கமா என்ற கேள்விக்கு டான்வில் நகரம் எழுத்தில் விடை தரவில்லை. அகற்றப்பட்ட நாற்காலிகளே விடை தந்தன.

லூசியானா மாநிலத்தில் ஊர் ஊராகச் செல்லும் நூலக வண்டிகளுக்கும் நிறம் பூசினர். வெள்ளையருக்குச் சிவப்பு வண்டி; கறுப்பருக்கு நீல வண்டி. கறுப்பரின் உறுப்பினர் அட்டையில் ‘நீக்ரோ’ என்ற முத்திரை. 1964-இல் கிளிண்டன் என்னும் ஊரின் நூல் நிலையத்தில், தாம் கேட்ட நூல் கிடைக்காதபின் அமைதியாக அமர்ந்திருந்த ஐவர் சிறைப்பட்டனர். அவர்கள் மீதான தண்டனை செல்லாதென்று 1966-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம் என்று நீதிபதிகளே பிரிந்து நின்றனர். நூல் நிலையத்தில் அமைதியாக அமரும் உரிமை ஒரேயொரு வாக்கில் பிழைத்தது!

அட்லாண்டாவின் மைய நூல் நிலையம் 1959-இல்தான் அனைவருக்கும் திறந்தது. அவ்வாண்டு அங்கே அட்டை பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் என்ற பேராசிரியை. 1973-இல் அவர் மகனே அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாய்க்கு நூல் தர மறுத்த நகரம், மகன் கையில் தன்னையே ஒப்படைத்தது!

நண்பர்களே! நிறத்தின் பேரால் சாத்தப்பட்ட கதவுகள் திறந்துவிட்டன. ஆனால், பதிவேட்டைக் காட்டி, “வருவோர் குறைவு, மூடிவிடலாம்” என்று கூறும் குரல் எந்த ஊரிலும் எழக்கூடும். அப்போது நாம் எண்களைக் கண்டு மலைக்கலாகாது. எண்களையே கூண்டில் ஏற்ற வேண்டும். உழைப்பாளி வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் நூல் நிலையம் திறந்திருக்கிறதா? சேரிக்கும் கிளைக்கும் இடையே எத்தனை கல் தொலைவு? முன்பணம் கட்ட இயலாதவர் கதி என்ன? புதிய நூல்கள் வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின? பெண்கள் அச்சமின்றி அமர இடமுண்டா? இவற்றுக்கு விடை பெற்ற பிறகே, ‘வருவோர் குறைவு’ என்ற சொல்லுக்குப் பொருள் தேட வேண்டும்.

நகரம் நூல் நிலையத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணட்டும். நாம் எத்தனை நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன, அவை யாருக்காகப் போடப்பட்டிருக்கின்றன என்று எண்ணுவோம்.