பெட்டியின் விலையும் பிடிப்பின் விலையும்: 1995 மே 11 அறிவிப்பை மறுவாசித்தல்

வீடியோ கேம் வரலாற்றில் 1995 மே 11 அளவுக்கு மேற்கோள் காட்டப்பட்ட நாள் அரிது. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் இ3 வணிகக் கண்காட்சியில் சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி, சாட்டர்ன் கன்சோல் 399 டாலருக்கு அன்றே விற்பனைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். அதே நாளில் சோனியின் முறை வந்தபோது ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, '299' என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

இந்தக் காட்சியிலிருந்து ஒரு வாசிப்பு வேரூன்றிவிட்டது. அந்த நூறு டாலர் வேறுபாடே ஒரு தலைமுறையைப் பிளேஸ்டேஷன் பக்கம் சாய்த்தது என்றும், கன்சோல் மீதான பற்று முதன்மையாகக் கருவியின் விலையால் தீர்மானமாகிறது என்றும் அந்த வாசிப்பு கூறும். இதை நான் ஏற்கவில்லை. கருவியின் விலை வாங்குபவரை வாசல்வரை அழைத்து வருகிறது. அவரை உள்ளே இருத்தி வைப்பது, ஒவ்வொரு கேமுக்கும் அவர் கொடுக்கும் விலையும், அந்த விலையைச் சாத்தியமாக்கிய வன்பொருள் தேர்வுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. இத்துறையில் 'விசுவாசம்' என்ற சொல் வழங்கிவருகிறது. அது ஏவலாளுக்கும் எசமானனுக்கும் உள்ள உறவின் சாயலைத் தருகிறது. வாங்குபவரின் கணக்கை மறைத்துவிடுகிறது. நான் 'பிடிப்பு' என்று எழுதுகிறேன். நாம் ஒன்றைப் பிடித்திருப்பதையும், அது நம்மைப் பிடித்திருப்பதையும் அந்த ஒரு சொல்லே குறிக்கும்.

1. யார் காதில் விழுந்த எண்?

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்த அரங்கில் யார் இருந்தார்கள் என்பது. இ3 அப்போது பொதுமக்களுக்குத் திறந்த விழா அன்று. சில்லறை விற்பனையாளர்களும் கேம் வெளியீட்டாளர்களும் பத்திரிகையாளர்களும் கூடிய வணிகச் சந்தை. பிளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததோ செப்டம்பர் 9 அன்று. ஆக, அந்த 299 டாலரை எண்ணிக் கொடுக்க அடுத்த நான்கு மாதங்களுக்கு எந்த வீட்டுக்கும் வாய்ப்பே இல்லை. சேகா அன்று சாட்டர்னை நான்கு கடைத்தொடர்களுக்கு மட்டுமே கொடுத்திருந்தது. விடுபட்டவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள், கேபி டாய்ஸ் பின்னர் சேகாவின் பொருள்களையே விற்க மறுத்தது. அந்தக் கோபம் நிறைந்த அரங்கில் ஒலித்த எண், விற்பனையாளருக்கும் வெளியீட்டாளருக்கும் தரப்பட்ட வாக்குறுதி: 'இந்தப் பெட்டி ஏராளமான வீடுகளுக்குப் போகும், இதற்காகக் கேம் செய்யுங்கள், இதற்குக் கடையில் இடம் ஒதுக்குங்கள்.' நுகர்வோரின் பற்றுக்குச் சான்றாக இதைக் காட்டுவது, நிச்சயத் தாம்பூலத்தைப் பார்த்துவிட்டு இல்லறத்தைப் பற்றிப் பேசுவதாகும்.

அடுத்து, அந்த நூறு டாலர் உண்மையில் எவ்வளவு? அமெரிக்காவில் 399 டாலர் கொடுத்த சாட்டர்ன் வாங்குபவருக்குப் பெட்டிக்குள் விர்ச்சுவா ஃபைட்டர் கேமும் கிடைத்தது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் நினைவகம் சாட்டர்னுக்குள்ளேயே இருந்தது. பிளேஸ்டேஷனின் 299 டாலரில் முழு கேம் எதுவும் சேரவில்லை. சேமிப்புக்கான மெமரி கார்டும் தனி விலை. ஒரு கேமையும் ஒரு கார்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி பெருமளவு கரைந்துவிடுகிறது. மேடையில் ஒலித்த வேறுபாடு கடையின் கல்லாவில் அதே அளவில் இருக்கவில்லை. பழைய வாசிப்பு இந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

2. விலைகள் சமமான பின்

இதைவிட வலுவான மறுப்பு அடுத்த இரண்டு ஆண்டுகளின் விலைப்பட்டியலில் இருக்கிறது. 1995 அக்டோபரில் சேகா சாட்டர்னின் விலையை 299 டாலராக்கியது. பிளேஸ்டேஷன் கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புகழ்பெற்ற வேறுபாடு மறைந்துவிட்டது. 1996-இல் பிளேஸ்டேஷன் 199 டாலருக்கு இறங்கியது, சாட்டர்னும் பின்தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோ 64-இன் விலையும் ஏறத்தாழ 199 டாலர்தான். 1997-இல் பிளேஸ்டேஷன் 149 டாலரானபோது நிண்டெண்டோவும் அதே விலைக்கு இறங்கியது.

பொருளியலாளர் வேண்டி நிற்கும் சோதனை தானாகவே அமைந்துவிட்டது: பெட்டிகளின் விலை சமம், மற்றவை வேறு. பெட்டியின் விலைதான் பிடிப்பை உண்டாக்கும் என்றால், இந்த இடத்திலிருந்தாவது விற்பனை நெருங்கி வந்திருக்க வேண்டும். நெருங்கவில்லை. தன் வாழ்நாளில் உலகெங்கும் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் போயிற்று. நிண்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சம். சாட்டர்ன் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை.

3. தகடும் கார்ட்ரிட்ஜும்

வேறாக இருந்தது எது? நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தது. சோனி குறுந்தகட்டைத் தேர்ந்தது. தொழில்நுட்ப வரலாற்றாளர் இந்தத் தேர்வைக் கொள்ளளவும் வேகமும் பற்றிய விவாதமாகவே பெரும்பாலும் நடத்துகிறார்கள். சூப்பர் மேரியோ 64-இன் கார்ட்ரிட்ஜ் 8 மெகாபைட். ஒரு குறுந்தகடு சுமார் 650 மெகாபைட். மறுபக்கம், கார்ட்ரிட்ஜில் கேம் உடனே தொடங்கும். தகட்டில் காத்திருக்க வேண்டும். இவை உண்மை. ஆனால் இந்தத் தேர்வு முதலில் ஒரு விலைத் தேர்வு.

தகட்டை அச்சிட ஓரிரு டாலர் போதும். கார்ட்ரிட்ஜில் இருப்பது சில்லு, அதன் செலவு பல மடங்கு. அதைவிட முக்கியமானது, இழப்பை யார் சுமப்பது என்பது. கார்ட்ரிட்ஜுக்கு வெளியீட்டாளர் நிண்டெண்டோவிடமே வெகு முன்கூட்டிப் பணம் கட்டி ஆணை கொடுக்க வேண்டும். கேம் விற்காமல் போனால் கிடங்கில் முடங்குவது அவருடைய பணம். எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்தால், அடுத்த சரக்கு வருவதற்குள் ஆர்வம் அடங்கிவிடும். தகட்டுக்குக் கொஞ்சமாக ஆணை கொடுத்து, விற்பனையைப் பார்த்துச் சில நாட்களில் மறுபடி அச்சிடலாம். எனவே தகட்டில் துணிச்சலான கேம், சிறிய கேம், விசித்திரமான கேம் என எல்லாமே வெளிவர முடிந்தது. விலையைக் குறைத்து மறுபதிப்புச் செய்யவும் முடிந்தது. 1997-இல் அமெரிக்காவில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரில், நன்றாக விற்ற கேம்களைச் சோனி புதிய கேமின் பாதி விலைக்கு இறக்கியதன் அடிப்படை இதுதான்.

இந்த வேறுபாடு வீட்டுக் கணக்கில் எப்படி இறங்கியது என்பதை ஜப்பானில் தெளிவாகப் பார்க்கலாம். 1996 கோடையில் அங்கே பிளேஸ்டேஷன் 19,800 யென். நிண்டெண்டோ 64 வெளியீட்டு விலை 25,000 யென். பெட்டிகளுக்கிடையே 5,200 யென் இடைவெளி. சூப்பர் மேரியோ 64-இன் விலை 9,800 யென். பிளேஸ்டேஷனின் வெளியீட்டு நாள் கேமான ரிட்ஜ் ரேசர் 5,800 யென். ஒரு கேமுக்கு 4,000 யென் வேறுபாடு. இரண்டாவது கேமிலேயே இது பெட்டிகளின் இடைவெளியைத் தாண்டிவிடுகிறது. ஐந்தாவது கேமில் 20,000 யென் ஆகிறது. அதாவது, ஐந்து கேம் வாங்கும் வீடு மிச்சம் பிடிக்கும் தொகை ஒரு பிளேஸ்டேஷனின் விலையே. மேடையில் ஒலித்த எண்ணைவிட, கடையின் அலமாரியில் ஒட்டியிருந்த இந்த எண்ணே ஆய்வாளரின் கவனத்துக்கு உரியது.

எல்லாக் கேம்களும் இவ்விலைகளில் விற்கவில்லை என்பதையும், காலப்போக்கில் வேறுபாடு சுருங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1998-இல் நிண்டெண்டோ தன் செல்டா கேமை ஜப்பானில் 6,800 யென்னுக்கு வெளியிட்டது. ஆனால் இந்தச் சுருக்கமே என் வாதத்துக்குச் சான்று: நிண்டெண்டோ திருத்திக்கொள்ள முனைந்தது கேமின் விலையை. அதற்குள் வீடுகளில் அலமாரிகள் நிரம்பிவிட்டன. ஜப்பானில் நிண்டெண்டோ 64 சுமார் 55 லட்சத்தோடு நின்றது. அமெரிக்கக் கண்டத்தில் அது 2 கோடியைத் தாண்டியது. அங்கே கேம் விலைகளின் விகித வேறுபாடு ஜப்பானைவிடக் குறைவு. இரண்டு சந்தைகளை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இங்கே வழக்கமான எதிர்வாதம் ஒன்று எழும்: ஜப்பானில் முடிவைத் தீர்மானித்தது ஃபைனல் ஃபேன்டஸி 7, விலை அன்று. ஆனால் அந்தக் கேம் ஏன் பிளேஸ்டேஷனுக்குப் போயிற்று? அதன் முன்னோடியான ஆறாம் பாகம் கார்ட்ரிட்ஜில் 11,400 யென்னுக்கு விற்றது. 1997 ஜனவரியில் ஏழாம் பாகம் மூன்று தகடுகளில், 6,800 யென்னுக்கு வந்தது. உள்ளடக்கம் பன்மடங்கு, விலை பாதியை நெருங்குகிறது. கேமையும் விலையையும் எதிரெதிர்க் காரணங்களாக நிறுத்துவோர், இரண்டையும் ஈன்றது ஒரே வன்பொருள் தேர்வு என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

4. சாட்டர்ன் என்னும் இடையூறு

என் வாதத்துக்கு உண்மையான இடையூறு சாட்டர்ன். அதுவும் தகட்டில்தான் இயங்கியது; அதன் கேம்களும் ஏறத்தாழ அதே விலை. பிறகேன் தோற்றது? தகடு தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று என்பதே விடை. சாட்டர்னில் இரண்டு ஹிட்டாச்சி எஸ்எச்-2 செயலிகளும் இரண்டு காட்சிச் சில்லுகளும் இருந்தன. மற்றவர்கள் முக்கோணங்களால் உருவம் வரைந்தபோது அது நாற்கரங்களால் வரைந்தது. அதற்காகக் கேம் செய்வது கடினம். அதைத் தயாரிக்கும் செலவும் எளிதில் இறங்கவில்லை. ஒவ்வொரு விலைக்குறைப்பும் சேகாவின் கையைச் சுட்டது.

ஆனால் பிடிப்பைப் பொறுத்தவரை ஆழமான காயம் அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. சேகா தன் முந்தைய கன்சோலான ஜெனிசிஸின் வாடிக்கையாளருக்கு முதலில் சேகா சிடி என்ற இணைப்பை விற்றது. 1994 நவம்பரில் 32எக்ஸ் என்ற இன்னோர் இணைப்பை விற்றது. ஆறே மாதத்தில் சாட்டர்ன் வந்தது. பழைய கேம் எதுவும் அதில் ஓடவில்லை. யார் அதிகம் வாங்கினாரோ அவரே அதிகம் இழந்தார். பிடிப்புக்குத் தண்டனை கொடுத்த நிறுவனத்திடம் பிடிப்பு எஞ்சவில்லை. இதை விலை வரலாற்றில் சேர்க்காமல் நிர்வாகப் பிழை என்ற தனிப் பெட்டியில் வைப்பது தவறு. அலமாரியில் இருக்கும் கேம்களின் மதிப்பு ஒரே நாளில் வீழ்ந்தால், அதுவும் விலைதான்; வாங்கிய பிறகு வசூலிக்கப்பட்ட விலை.

அடுத்த தலைமுறையைப் பார்த்தால் இது உறுதிப்படும். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 முந்தைய கன்சோலின் தகடுகளை ஏற்றது. சேகாவின் ட்ரீம்காஸ்ட் சாட்டர்ன் தகடுகளை ஏற்கவில்லை. நிண்டெண்டோவின் கேம்கியூப் கார்ட்ரிட்ஜை ஏற்கவில்லை. மூவரில் அலமாரியை மதித்தவர் ஒருவரே. 15 கோடிக்கு மேல் விற்றவரும் அவரே. நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமும் தன் முன்னோடியின் கேம்களை ஏற்காமலே வென்றதே என்பார்கள். அப்போது நிண்டெண்டோவின் அலமாரிக்கு நிகரான அலமாரி ஜப்பானில் வேறு எவரிடமும் இல்லை, ஒப்புமை பொருந்தாது.

5. எல்லைகள்

விளம்பரமே பிளேஸ்டேஷனை வெல்லவைத்தது என்ற கருத்தில் நான் நிற்கப்போவதில்லை. சேகாவின் விளம்பரம் எவருடையதற்கும் இளைத்ததன்று. திருட்டு நகல்களே காரணம் என்ற வாதம் வேறு வகை. தகட்டை நகலெடுப்பது எளிது, கார்ட்ரிட்ஜை நகலெடுப்பது கடினம் என்பது உண்மை. சென்னை பர்மா பஜாரில் நகல் தகடுகளை வாங்கி விளையாடிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நகல் என்பது கேமின் விலை பூச்சியத்தை நெருங்குவது. கேமின் விலை குறையக் குறையப் பிடிப்பு இறுகும் என்ற என் துணிபை அது முறிக்கவில்லை, வலுப்படுத்துகிறது.

உண்மையான எல்லை 2006-இல் தெரிகிறது. பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர்களுக்கு வந்தது. அதன் முதல் வடிவங்கள் பழைய தகடுகளை ஏற்றன. இருந்தும் நிறைந்த அலமாரி கொண்ட பலர், ஓராண்டு முன்பே 299, 399 டாலர்களுக்கு வந்திருந்த எக்ஸ்பாக்ஸ் 360-க்குப் போனார்கள். வாசற்படி மிக உயர்ந்தால் வீட்டுக்காரரே வெளியில் நின்றுவிடுவார். ஆகவே என் துணிபை இப்படித் திருத்திச் சொல்கிறேன்: பெட்டியின் விலை வாசற்படி, கேமின் விலை குடியிருக்கும் செலவு. படியை ஏற முடிந்தவரை, தங்குவதா வெளியேறுவதா என்பதைக் குடியிருக்கும் செலவே தீர்மானிக்கும்.

2023-இல் எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர், மக்கள் தங்கள் டிஜிட்டல் நூலகத்தைக் கட்டியெழுப்பிய தலைமுறையில் தோற்றதே மிக மோசமான தோல்வி என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். புதிய உண்மையாக அதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். 1996-இல் ஜப்பானிய வீடுகளின் அலமாரிகளில் அது ஏற்கெனவே நடந்திருந்தது. மாறியிருப்பது ஒன்று: தகட்டை விற்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், டிஜிட்டல் கேமை அப்படிச் செய்ய முடியாது. பிடிப்பு என்ற சொல்லின் இரு பொருள்களில், அது நம்மைப் பிடித்திருக்கும் பொருளே இன்று மேலோங்குகிறது. இதை நான் கவலையோடுதான் எழுதுகிறேன்.

எனவே இனி வரும் ஆய்வுகள் மேடைப்பேச்சுகளிலிருந்து கொஞ்சம் விலகி, அந்தக் காலக் கடை விளம்பரத் தாள்களையும் பழைய கேம் கடைகளின் விலை அட்டைகளையும் தொகுக்கட்டும். 299 என்ற எண்ணை அரங்கத்தில் இருந்தவர்கள் ஒருமுறை கேட்டார்கள். 5,800 என்ற எண்ணை வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் எண்ணிக் கொடுத்தார்கள்.