எங்கள் வீட்டு வாள்



விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. தெற்கே வீராணம் ஏரி பரந்து கிடக்கின்றது. வெள்ளாறு கிழக்கு நோக்கிச் சென்று பரங்கிப்பேட்டையருகே கடலோடு கலக்கின்றது. இவ்வூரில் உள்ள எங்கள் மூதாதையர் வீட்டின் பரண்மேல் துணி சுற்றி வைத்த ஒரு வாள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, அது கீழே இறங்கும். எண்ணெய் தடவிப் பொட்டிட்டுப் படையல் போட்டபின் மீண்டும் பரணுக்கு ஏறிவிடும்.

“ஐதர் கலாபத்தில் நம் ஊரைக் காத்த வாள், தம்பி” என்று என் அத்தை சொல்லுவார். இந்த வாளைப் பிடித்த எங்கள் முன்னோர் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து ஐதரலியின் குதிரைப் படையை எதிர்த்து நின்றார் என்பது வீட்டு வழக்கு. சிறுவயதில் இக்கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல இயலாது. பின்னர் ஆசிரியனாகி, வகுப்பில் மைசூர்ப் போர்களைக் கற்பித்த காலத்திலும் இதை நம்பியே வந்தேன்.

கதைக்கு இடமில்லாமல் இல்லை. 1780ஆம் ஆண்டு ஐதரலி கர்நாடகத்தின்மேல் படையெடுத்து வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலேயர் படையொன்று அழிந்தது. அதன்பின் வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சர் அயர் கூட் என்னும் தளபதி, 1781 ஜூன் 18ஆம் தேதி சிதம்பரத்தைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். அக்காலத்தில் தில்லைக் கோயிலின் மதில்களே கோட்டை மதில்களாக இருந்தன என்பதை நினைவிற் கொள்க. பின்வாங்கிய படை பரங்கிப்பேட்டையில் தங்கியிருக்க, அது கடலூருக்குத் திரும்ப வொட்டாமல் ஐதரலி வழியை மறித்தார். ஜூலை முதல் தேதி நடந்த போரில் கூட் வென்றார். அவரிடம் இருந்த படை ஏறக்குறைய 8,500 பேர். அவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர்; இந்நாட்டுச் சிப்பாய்களே. ஆகவே வெள்ளாற்றங்கரை இளைஞன் ஒருவன் அக்களத்தில் நின்றிருக்கலாம் என்பதில் வியப்பொன்றும் இல்லை. அவன் எங்கள் முன்னோன்தானா என்பதே கேள்வி.

ஓய்வு பெற்றபின்தான் நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்குமேல் பிள்ளைகளுக்குக் காலக்கோடு வரையக் கற்றுக் கொடுத்தவன், அக்கோட்டைத் தன் வீட்டுக்கு வரைந்து பார்த்ததில்லை என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்லுகிறேன். என் தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், ஓட்டனைப் பெற்றவர்: வாளுக்கு உரியவர் இந்த ஐந்தாமவர் என்பதில் குடும்பத்தில் எவருக்கும் ஐயமில்லை. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று கொண்டால் அவர் 1800க்கும் 1810க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். பரங்கிப்பேட்டைப் போரோ அதற்கு இருபது ஆண்டு முந்தியது! பிறவாத ஒருவர் எப்படிப் போர் புரிவார்?

அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் சினந்து, தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். அதில் அந்த முன்னோரின் பெயர் இருந்தது. நஞ்சை நிலம் வாங்கிய செய்தி இருந்தது. “ஜய வருஷம்” என்ற ஆண்டும் இருந்தது. “ஜயம் என்றால் வெற்றிதானே? இதைவிட என்ன சாட்சி வேண்டும்?” என்றார் அத்தை.

தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. ஜய வருஷம் 1774இல் தொடங்கியது, 1834இல் தொடங்கியது, 1894இலும் தொடங்கியது. பழைய பத்திரங்களில் பலர் வழுக்கி விழும் இடம் இதுவே. நான் விலையைப் பார்த்தேன். அது வராகனில் அன்று, ரூபாயில் இருந்தது. சென்னை மாகாணத்தில் வராகன் போய் ரூபாய் நிலையான நாணயமானது 1818இல். ஆகவே 1774க்குப் பெரும்பாலும் இடமில்லை. 1864இல் பதிவுச் சட்டம் வந்தபின் நடந்த கிரயமாயின் பதிவு அலுவலகத்தின் முத்திரை இருந்திருக்க வேண்டும். இதில் அது இல்லை. ஆகவே 1894உம் கழிகின்றது. எஞ்சியது 1834. தலைமுறைக் கணக்கும் பத்திரமும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன.

ஆனால் அப்பத்திரத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொரு சொல். முன்னோரின் பெயருக்கு முன்னால் “கச்சேரிச் சிப்பந்தி” என்று எழுதியிருந்தது. சிப்பந்தி என்றால் இன்று அலுவலக ஊழியர், உணவு விடுதிப் பணியாள் என்றுதான் நீங்கள் பொருள் கொள்வீர்கள். கச்சேரி என்றவுடன் மிருதங்கமும் நினைவுக்கு வரலாம். அக்காலத்தில் கச்சேரி என்பது கலெக்டர் முதலிய அதிகாரிகளின் அலுவலகம். சிப்பந்தி என்பது பாரசீக மொழியிலிருந்து வந்த படைச்சொல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் பெற்றவர்கள் என்பது அதன் மூலப்பொருள் என்று விளக்குவோர் உண்டு. சிப்பாய் என்பவர் நிலைப்படையில் சேர்ந்தவர். சென்னைச் சிப்பாய்கள் 1824இல் கப்பலேறி இரங்கூன்வரை சென்று பர்மியப் போரில் ஈடுபட்டவர்கள். சிப்பந்தியோ உள்ளூர்க் காவற்படை ஆள். கசானாவைக் காப்பது, வரிப்பணத்துக்குத் துணை போவது, வரி தராதவனை அழைத்து வருவது ஆகியவை அவன் வேலை. எங்கள் முன்னோர் எழுத்து வேலை பார்த்தவராயின் குமாஸ்தா என்றோ ராயசம் என்றோ எழுதியிருப்பார்கள். சொல்லையும் வாளையும் சேர்த்து நோக்கின், அவர் ஆயுதம் தாங்கிய சிப்பந்தி என்றே நான் கொள்கிறேன்.

அவர் பெயரை அரசாங்க ஏட்டிலும் கண்டுவிட வேண்டும் என்ற ஆசையில் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குச் சென்றேன். 1909இல் எழுந்த அச்செந்நிறக் கட்டடத்தை மாணவர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். பழுப்பேறிய ஏடுகளைப் பல நாள் புரட்டினேன். இத்தனை சேவகர், இத்தனை ரூபாய் என்று கண்டேனேயன்றிப் பெயர் ஒன்றும் கண்டேன் இல்லை. கும்பினியில் சேர்ந்து கப்பலேறிய வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர், வயது, பிறந்த ஊர், முன்பு செய்த தொழில் எல்லாம் இலண்டனில் இன்றும் பதிவாய் உள்ளன. நம்மவன் அங்கே ஓர் எண். இந்த வழக்கம் கும்பினியோடு ஒழிந்ததென்று எண்ண வேண்டா. முதல் உலகப் போரில் மெசபட்டோமியாவில் மாண்டவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் திறந்த நினைவுச் சின்னத்தில், ஆங்கிலேய வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்திய வீரர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே பொறித்தார்கள். இத்தகைய பாகுபாடுகளுக்காக அந்நினைவுச் சின்னங்களைக் காக்கும் ஆணையம் 2021இல்தான் வருத்தம் தெரிவித்தது.

பெயரைத் தேடிய நாட்களில் நான் தேடாத ஒன்றும் கையில் அகப்பட்டது. அது 1855இல் சென்னையில் வெளியான ஓர் அறிக்கை. வரி வசூலில் குடியானவர்கள் சித்திரவதைக்கு ஆளாகின்றனர் என்று கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் முறையிட்டார்கள். டான்பி சீமர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 1853இல் இங்கே வந்து நேரிற் கண்டு, மறு ஆண்டு இலண்டனில் பேசினார். அதன்பின் மூவர் அடங்கிய விசாரணைக் குழு அமைந்தது. கொடுமை உண்மையே என்று அக்குழு எழுதிற்று. தலையைக் கால்வரை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், விரல்களை நெரிக்கும் கிட்டி முதலிய முறைகள் அவ்வறிக்கையில் விரிவாக உள்ளன. இக்கொடுமைகளைச் செய்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். வரி அலுவலகத்தின் கீழ்நிலையில் இருந்த நம் நாட்டுச் சேவகர்கள். வரி வசூலிலிருந்து போலீசைத் தனியே பிரித்த சட்டம் 1859இல்தான் வந்தது.

அறிக்கையை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். எங்கள் முன்னோர் எவரையாவது வெயிலில் நிறுத்தினாரா? அதற்குச் சான்று இல்லை. நிறுத்தவில்லை என்பதற்கும் இல்லை. சிப்பாயின் மாதச் சம்பளமே 7 ரூபாயாக இருந்த காலத்தில், அவனினும் தாழ்ந்த நிலையிலிருந்த சிப்பந்தி ஒருவர் நஞ்சை வாங்கியது எப்படி என்ற கேள்வியை நான் எழுப்பாமல் விட்டிருக்கலாம். வேறொரு வீட்டுப் பத்திரமாக இருந்தால் நிச்சயமாக எழுப்பியிருப்பேன். ஆகவே எழுப்பினேன். விற்றவர் யார், ஏன் விற்றார் என்று பத்திரத்தை மறுபடியும் படித்தேன். “என் சர்க்கார் பாக்கிக்காக” விற்றதாக விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அரசுக்குச் செலுத்த வேண்டிய வரிப்பாக்கி என்று பொருள். அந்த நிலத்தின் விளைச்சலில்தான் நாங்கள் ஐந்து தலைமுறை உண்டோம். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றதும் அதனாலேயே.

சென்ற ஆயுத பூஜையன்று ஊருக்குப் போயிருந்தேன். கண்டதையெல்லாம் அத்தையிடம் ஒளியாமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த விற்றவர் வீட்டார் இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தை வாளை எடுத்து, வழக்கம்போல் எண்ணெய் தடவித் துடைத்தார். குங்குமம் மட்டும் வைக்கவில்லை.