ராயக்கோட்டை முதல் வேலூர்க் கோட்டை வரை: நிலக்காட்சிப் படங்களில் வானைச் சமன்செய்த வரலாறு

அகலக்கோண லென்ஸில் எடுக்கும் நிலக்காட்சிப் படத்தில் வானம் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாணியம்பாடிப் பக்கம் பாலாற்று மணலையும் பின்னால் எழும் மலைகளையும் ஒரே சட்டகத்தில் அடக்கும்போது, மலைச்சரிவுக்கு ஏற்ப ஒளியூட்டினால் வானம் வெளுத்துவிடும். வானுக்கு ஏற்ப ஒளியூட்டினால் சரிவு கருத்துவிடும். வெவ்வேறு ஒளியூட்டங்களில் எடுத்த படங்களை இணைத்து இதைத் தீர்க்கும் வழக்கம் கணினிக்கு மிகவும் முந்தையது. வானமும் நிலமும் பதிவான நேரங்களுக்கு இடையிலிருந்த தூரம் படிப்படியாகச் சுருங்கியதே இதன் வரலாறு என இக்கட்டுரை வாதிடுகிறது.

தூரிகை மேகம்

1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1858இல் வெளியான அவருடைய தொகுப்புகளுள் ஒன்று, ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் காட்டுகிறது. இன்று தோல் தொழிலுக்குப் பேர்போன வாணியம்பாடியும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அது அடங்கிய திருப்பத்தூர் வட்டம் 1911இல்தான் வட ஆர்க்காட்டுக்கு மாறியது.

அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியை எளிதில் பற்றிக்கொண்டது. சிவப்பை ஏறக்குறைய உணரவே இல்லை. பாறையும் மரமும் பதிவாகும்வரை காத்திருந்தால் வானம் நெகட்டிவில் கருத்துத் தடித்து, பிரதியில் மேகமற்ற வெளிறிய பரப்பாகிவிடும். டிரைப் தம் மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் தூரிகையால் சாயம் தீட்டினார். சாயம் பட்ட இடம் ஒளியை மறிப்பதால் பிரதியில் அது வெண்மேகமாகத் தெரியும். அந்த மேகம் எந்த நாளிலும் வானில் இருந்ததில்லை.

மெழுகுத்தாள் முறையை 1851இல் வெளியிட்ட பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே வேறு வழி கண்டார். 1856–57இல் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை அடிவானத்தில் பொருத்தி அச்சிட்டார். ஒரே வானம் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் இடம்பெற்றதும் உண்டு. மேகம் உண்மையானதுதான், நேரம் மட்டும் வேறு.

சாயமும் வடிகட்டியும்

1873இல் ஹெர்மன் ஃபோகல், பூச்சில் சாயம் கலந்தால் அது பச்சை ஒளியையும் உணரும் எனக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. மஞ்சள் வடிகட்டி போட்டால் நீல வானம் அடங்கி, மேகம் ஒரே சொடுக்கில் பதிவானது. பின்னர் பரவிய, மேற்பாதி மட்டும் இருண்ட வடிகட்டி கடற்கரைக்குப் பொருந்தும். ஏலகிரி போன்ற மலை குறுக்கிட்டாலோ வானோடு சேர்ந்து முகடும் கருத்துவிடும். இணைப்பு முறை மீண்டும் தேவைப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

கணினியின் தையல்

1997இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், பல ஒளியூட்டப் படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளை மீட்கும் வழியை வெளியிட்டனர். 2007இல் மெர்ட்டென்ஸ் குழு அந்த மீட்பையே தவிர்த்தது: ஒவ்வொரு புள்ளியிலும் நுணுக்கம், நிறச் செறிவு, பொருத்தமான ஒளியூட்டம் மூன்றையும் எடைபோட்டுப் படங்களை நேரடியாகக் கலந்தது. தையல் தெரியாமல் கலக்க, பர்ட்டும் ஏடெல்சனும் 1983இல் தந்த அடுக்குப் பிரிப்பு முறை கைகொடுத்தது. 2009இல் சண்முகநாதன் ராமனும் சுபாசிஸ் சௌத்ரியும் இதே நோக்கத்துக்கு வேறொரு வடிகட்டல் முறையை முன்வைத்தனர்.

முக்காலியில் நின்று அடுத்தடுத்து எடுக்கும்போது இடைவெளி சில நொடிகளே. அதற்குள்ளும் தென்னங்கீற்று அசையும், நெடுஞ்சாலை லாரி நகரும்; இணைத்த படத்தில் அவை பேய் உருவாக இரட்டிக்கும். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் விவரித்த கைபேசி முறை, வானம் வெளுக்காத அளவுக்குக் குறைந்த ஒளியூட்டத்தில் பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்துச் சேர்க்கிறது.

முடிவுரை

நேரம் நெருங்கிவிட்டதால் மட்டும் படம் நம்பத்தக்கதாகிவிடாது. வேலூர்க் கோட்டை அகழி இதற்கு நல்ல சோதனைக் களம். நீர் தன்மீது விழும் ஒளியின் ஒரு பகுதியையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே அகழியில் தெரியும் வானம் மேலிருக்கும் வானைவிட மங்கலாகவே இருக்க வேண்டும். கருங்கல் மதிலை எடுத்துக்காட்ட வானை அளவுமீறி அடக்கினால், பிம்பம் அசலைவிடப் பளிச்சிடும். வெற்று வானமும் கண் கண்ட காட்சி அல்ல என்பதால் டிரைப்பின் தூரிகையைப் பொய் என ஒதுக்க முடியாது. இணைப்பு நடந்ததா என்பதைவிட, இணைத்த பின்பும் ஒளியின் வரிசை மாறாமல் இருக்கிறதா என்பதே இப்படங்களை மதிப்பிடத் தகுந்த அளவுகோல்.