கம்ப நடனம்: தோற்றமும் மாற்றமும் – ஒரு வரலாற்று நோக்கு

இவ்வாண்டு மலருக்குக் கம்ப நடனம் பற்றி எழுதப்போவதாகக் கூறியபோது விடுதித் தோழியர் சிலர் நகைத்தனர். ஒருத்தி தலைப்பை மாற்றுமாறு அறிவுரையுங் கூறினாள். மேலைநாட்டு மதுச்சாலைகளின் மங்கிய ஒளியில் அரைகுறை ஆடையுடன் பெண்கள் ஆடுவதன்றி இதில் ஆராய யாதுளது என்பது அவர்தம் எண்ணம். அந்நகைப்பே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. ஒரு கலையைக் குறித்துச் சமூகம் வெட்கப்படுவது எப்பொழுது, அவ்வெட்கம் நீங்குவது எப்பொழுது, நீக்கியோர் யாவர், அதற்கான விலையைக் கொடுத்தோர் யாவர் என்னும் வினாக்கள் தமிழர் நடன வரலாற்றைக் கற்கும் மாணவருக்குப் புதியன அல்ல.

நாட்டிய கம்பத்தில் ஏறி வித்தை காட்டும் வழக்கம் மிகப் பழையது. சீனத்தில் ஹான் பேரரசுக் காலத்திலே 'நூறு வித்தைகள்' எனப் பெயர்பெற்ற கேளிக்கைகளுள் இதுவும் ஒன்று. கி.பி. 78 முதல் 139 வரை வாழ்ந்த சாங் ஹெங், வானியல் அறிஞராகவும் புலவராகவும் விளங்கியவர். மேலைத் தலைநகரைப் பற்றி அவர் இயற்றிய நெடும்பாடலில், வண்டிமீது நாட்டிய கம்பத்திற் சிறுவர் ஏறி, தலைகீழாய் வீழ்வார் போலப் பாய்ந்து, குதிகாலாற் கொளுவிக்கொண்டு தொங்கும் காட்சி வருணிக்கப்படுகிறது. இவ்வித்தையைத் 'தூலூ' என்னும் பெயருடன் அவர் இணைத்துக் கூறுகிறார். தூலூ ஒரு நாட்டின் பெயர் என்றும், அந்நாட்டார் இலேசான உடலினர், ஏறுவதில் வல்லவர் என்றும் சீன உரைகாரர் விளக்குவர்.

இவ்விடத்தில் நமக்கு ஆர்வமூட்டும் செய்தியொன்று உண்டு. ஹான் வரலாற்று நூலின் புவியியற் பகுதி, தென்கடல் வழியிலுள்ள 'பூகான் தூலூ' நாட்டிலிருந்து இரண்டு மாதத்துக்குச் சற்று மேலாகக் கப்பலிற் சென்றால் 'ஹுவாங்சி' என்னும் நாட்டை அடையலாம் என்று கூறுகிறது. ஹுவாங்சியைக் காஞ்சிபுரமெனக் கொள்ளும் அறிஞர் பலர். இதனைக் கண்டவுடன் கம்ப வித்தை நம்மவரிடமிருந்தே சீனஞ் சென்றது என்று முழங்க முற்படுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். இரண்டு மாதக் கடல்வழிக்கு அப்பாலிருந்த தூலூவார் காஞ்சியார் ஆகார். மேலும், நமது பழைய நூல்களே அத்தகைய உரிமை எதனையும் கோரவில்லை. கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையொலியை உவமையாக எடுத்தாளும் குறுந்தொகை 7ஆம் பாடல், அவ்வாட்டத்தை ஆரியர்க்கு உரியதாகவே கூறுகிறது. நற்றிணை 95ஆம் பாடலிலும் ஆடுமகள் நடந்த கயிறு வருகின்றது. சீனப் புலவருக்கு ஏறுபவன் தென்கடலான். தமிழ்ப் புலவருக்குக் கயிற்றில் ஆடுபவன் வடபுலத்தான். கம்பத்திலும் கயிற்றிலும் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவனை ஊருக்கு வெளியே வந்தவனாகக் காணும் இப்பார்வை பின்னருந் தொடர்வதை நாம் காண்போம்.

இந்தியாவிற் கம்பம் வேறொரு வழியில் வளர்ந்தது. மராட்டிய நாட்டு 'மல்லகம்பம்' கேளிக்கையாக அன்றி மல்லரின் பயிற்சிச் சாதனமாகவே தோன்றியது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மானசோல்லாசம்' மல்லர் பயிற்சிகளைக் கூறுமிடத்துத் தூணைக் கொண்டு செய்யும் பயிற்சியையுங் குறிக்கிறது. இடையில் மங்கியிருந்த இக்கலையை, கடைசிப் பேசுவாவான இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசான் பாலம்பட்ட தாதா தேவதர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீட்டெடுத்தார் என்பர். எதிரியின் உடலைப் பற்றுவதற்குப் பதிலாக மரத்தைப் பற்றிப் பழகுவதே இதன் அடிப்படை. ஏறக்குறைய 8½ அடி உயரமான தேக்குக் கம்பத்தில் ஆமணக்கெண்ணெய் பூசி, இடைக்கச்சை மட்டும் அணிந்து ஏறுவர். பெண்கள் நெடுங்காலம் பெரும்பாலுங் கயிற்றிலேயே பயின்றனர். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது அமராவதி உடற்பயிற்சிக் கழகத்தினர் இதனை அங்கு காட்டினர். 1981இல் இதற்கெனத் தனியான தேசியப் போட்டி தொடங்கியது. 2019இல் மும்பாயில் உலகப் போட்டியும் நடைபெற்றது.

மல்லகம்பத்தில் ஆடையின்மை எவர் கண்ணையும் உறுத்தவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அனுமன் படத்துக்கு முன் கச்சையுடன் நிற்கும் இளைஞனை வீரன் என்கிறோம். அதே அளவு ஆடையுடன் உலோகக் கம்பத்தின் அருகில் நிற்கும் பெண்ணுக்கு நாம் இடும் பெயர் வேறு. உண்மையில் இருவருக்குங் காரணம் ஒன்றே: உராய்வு. சீனக் கம்பத்தில் இறப்பர் உறை இருப்பதால் அதில் ஏறுவோர் உடலை மூடிய தடித்த ஆடை அணிகின்றனர். இன்றேல் தோல் உரிந்துவிடும். நடனக் கம்பமோ ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் விட்டமுள்ள வழவழப்பான உருக்கு அல்லது பித்தளை. துணி அதில் வழுக்கும். தோல் மட்டுமே பற்றும். முழங்கால் மடிப்பு, உள்தொடை, இடுப்பின் பக்கம், அக்குள் ஆகியனவே ஆடுபவரின் கைகள் எனலாம்.

இன்றைய கம்ப நடனம் சீனத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் வந்ததென இதன் ஆர்வலர் கூறுவது வழக்காகிவிட்டது. இது வம்சாவளி தேடும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது. புதுப்பணம் படைத்தவன் பழங்குடி முன்னோரைத் தேடுவதை ஒத்தது. அண்மைய தாய்வீடு வேறு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சந்தைக் களியாட்டங்களுடன் ஊர் ஊராகச் சென்ற கூடாரங்களில் ஆடிய பெண்கள், கூடாரத் தூணைப் பற்றி ஆடத் தொடங்கினர் என்பது பரவலாக வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், 1980களில் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஆடை களைந்து ஆடும் பெண்களின் மேடைகளிற் கம்பம் நிலைபெற்றுவிட்டது.

அம்மேடைகளின் பொருளாதாரத்தை நோக்காது இக்கலையின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள முடியாது. பல விடுதிகளில் ஆடுவோருக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் ஊழியரல்லர், சுயதொழில் செய்வோர் என்று சொல்லி, மேடையேறுவதற்கு அவர்களிடமே கட்டணம் அறவிட்டனர். பார்ப்போர் கொடுக்கும் பணமே வருவாய். ஆகவே ஒருத்தி கம்பத்தின் உச்சியிலிருந்து தலைகீழாக இறங்கினாள் எனில், அடுத்தவள் அதனை விஞ்ச வேண்டியிருந்தது. எழுதிவைத்த இலக்கணம் இல்லை, ஆசிரியர் இல்லை. வேலை முடிந்தபின் ஒருத்தி மற்றொருத்திக்குக் காட்டிக்கொடுத்ததே கல்வி. இன்று பயிற்சியகங்களிற் பெயர்சூட்டிக் கற்பிக்கப்படும் சுழற்சிகளும் பிடிகளும் பெருமளவு இங்ஙனம் உருவானவையே.

1990களில் கனடாவைச் சேர்ந்த ஃபோனியா மொண்டே என்பவர், மேடையேறும் நோக்கமில்லாத பெண்களுக்கும் இதனைக் கற்பிக்கத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'டான்சிங் அட் த புளூ இகுவானா' திரைப்படத்துக்காக இதனைப் பயின்ற நடிகை ஷீலா கெலி, பின்னர் லொஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியகம் அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் எழுதுவினைஞரும் தாதியரும் ஆசிரியைகளும் மாலை வேளையிற் கட்டணஞ் செலுத்திக் கம்பம் ஏறலாயினர்.

ரொறன்ரோவில் வாழும் என் சின்னம்மாவின் மகள் அத்தகையோருள் ஒருத்தி. இக்கட்டுரையிற் பயிற்சி பற்றி வருவன அவர் கூறியவையே. வகுப்பின் முதற் பகுதி மணிக்கட்டையும் தோளையும் சூடேற்றுவதிற் கழியும். ஏறுதல் முதற் பாடம். ஒரு காலின் முன்னெலும்புக்கும் மறு காலின் ஆடுதசைக்கும் இடையிற் கம்பத்தை நெரித்து உடலை உயர்த்த வேண்டும். அடுத்தது தொடைகளால் மட்டும் பற்றி அந்தரத்தில் அமர்தல். முதல் மாதம் முழுவதும் உள்தொடை நீலம் பாரித்திருந்ததாம். தோல் பழகப் பழக நோவு குறையும். வகுப்புக்கு வருமுன் உடலில் எண்ணெயோ களிம்போ பூசக்கூடாது. வியர்வைக்கு வெண்சுண்ணத் தூள். தலைகீழாகத் திரும்புதல் எல்லோரும் ஆசைப்படும் பாடம். வயிற்றுத் தசை போதிய வலுப்பெறுமுன் அதனை முயல்வோர் துள்ளிக் காலை எறிந்து ஏறுவர். அவ்வேளையிற் பாரம் முழுவதும் தோள்மூட்டில் விழும். அவருக்கும் அதுவே நேர்ந்தது. வலது தோளின் தசைநார் பிசகி நான்கு மாதங் கையைத் தலைக்குமேல் உயர்த்த முடியவில்லை. விரும்பிய பக்கத்தையே மீண்டும் மீண்டும் பழகியதும் ஒரு காரணம் என்று பின்னர் அறிந்துகொண்டாராம். இப்போது ஒவ்வொரு பிடியையும் இரு பக்கமும் பழகுகிறார். கீழே தடித்த மெத்தை இல்லாமற் புதிய பிடி எதனையும் முயல்வதில்லை.

தோள் நொந்த காரணத்தை வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பனியில சறுக்கி விழுந்திட்டன் எண்டுதான் சொன்னனான். அம்மாவுக்கு நான் ஜிம்முக்குப் போறன் எண்டு மட்டுந்தான் தெரியும், தங்கச்சி. நீ எழுதேக்க என்ர பேரைப் போட்டிடாதை" என்றார். முப்பத்திரண்டு வயதும் சொந்தச் சம்பாத்தியமும் உள்ள ஒருவர் கூறிய மறுமொழி இது.

இவ்வெட்கத்தை நீக்குவதற்கான நிறுவன முயற்சி 2009இல் சர்வதேசக் கம்ப விளையாட்டுச் சம்மேளனம் தோன்றியதுடன் வலுப்பெற்றது. 2012இல் இலண்டனில் உலகப் போட்டி நிகழ்ந்தது. புள்ளிகளுக்கு அட்டவணை வகுக்கப்பட்டது. ஆண்களுக்கும் சிறுவர்க்கும் பிரிவுகள் அமைந்தன. ஆடையைக் களைதல் தடைசெய்யப்பட்டது. 2017 ஒக்டோபரில், சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களின் பொது அமைப்பாக அந்நாளில் இயங்கியது இதற்குப் பார்வையாளர் தகுதியை வழங்கியது. ஒலிம்பிக் நோக்கிய முதற்படி என ஆர்வலர் மகிழ்ந்தனர். 2010களின் நடுப்பகுதியிலே, பொழுதுபோக்காக ஆடும் பெண்கள் பலர் தமது படங்களின் கீழ் 'நான் ஆடை களைபவள் அல்லள்' என்று எழுதுவது வழக்கமாயிற்று. தொழிலாக ஆடுவோர் அதற்கு விடையாக, 'ஆம், நான் அவளே' என்று எழுதினர்.

இவ்விரு வாசகங்களையும் படிக்கும்போது சென்னை நினைவுக்கு வருதல் தவிர்க்க இயலாதது. 1932இல் சென்னை மியூசிக் அக்கடமியைச் சார்ந்தோர் சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயரை நிலைநாட்ட முயன்றமையும், 1936இல் கலாசேத்திரம் தோன்றியமையும், 1947இற் கோயில்களுக்குப் பெண்களை அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியமையும் நாமறிந்தவை. நடனம் மேன்மக்களின் இல்லங்களுக்குள் நுழைந்தது; அதனைக் காத்த குலத்துப் பெண்கள், பாலசரசுவதி போன்ற ஓரிருவர் நீங்கலாக, மேடையிலிருந்து மறைந்தனர். யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறன்று. நல்லூர்க் கோயிலில் தாசியர் நடனத்தை ஆறுமுக நாவலர் கண்டித்தார்; திருவிழாக்களில் இடம்பெற்ற சின்னமேளம் கடந்த நூற்றாண்டில் வழக்கொழிந்தது. இன்று நம் பாடசாலைகளில் நடனம் ஒரு பாடம். ஆனாற் சின்னமேளக்காரிகளின் பிள்ளைகள் யாதாயினர் என்று எவரும் வினவுவதில்லை.

இரண்டையும் முற்றாகச் சமமெனக் கொள்வது தவறு. தேவதாசியர்க்குக் கோயிலில் உரிமையும் மானியமும் பரம்பரையும் இருந்தன. மதுச்சாலைப் பெண்களுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. சிறுமியரை அர்ப்பணிக்கும் வழக்கத்தை எதிர்த்தோரின் நியாயத்தையும் மறுக்க இயலாது. எனினும் ஓர் ஒற்றுமை தெளிவு. உடலால் உழைத்தவளிடமிருந்து நுட்பத்தைப் பெற்றுக்கொண்டு, அவளைப் பிரித்து விலக்கியே கலை தூய்மைபெறுகிறது. தூய்மைப்படுத்துவோர் தீய எண்ணத்தினர் அல்லர்; என் தமக்கை போலப் பயமின்றிப் பழக விரும்புவோரே பெரும்பாலர்.

வேறுபாடு ஒன்றுண்டு; அது நம்பிக்கை தருவது. இங்கே மூத்தோர் மௌனமாக மறையவில்லை. வட ஹொலிவூட்டில் ஒரு மதுச்சாலையின் ஆட்டக்காரிகள் 2022 மார்ச்சில், தமது பாதுகாப்புக் கோரிக்கைகளை முன்வைத்து வாயிலில் மறியல் தொடங்கினர். 2023 மே மாதம் அமெரிக்க நாடக நடிகர் தொழிற்சங்கத்திற் சேர வாக்களித்து வென்றனர். 1913இல் நிறுவப்பெற்ற அச்சங்கம் நாடகக் கலைஞர்க்கு வழங்கும் அதே உறுப்புரிமையை அவர்களுக்கும் வழங்கியது.

சென்ற மார்கழியில் என் தமக்கையின் பயிற்சியகம் ஆண்டுக் காட்சியை நடத்தியது. தோள் குணமானபின் அவர் ஏறிய முதல் மேடை அது; இளையராஜாவின் பாடலொன்றுக்கு மூன்று நிமிடம் ஆடினார். பெற்றோரை அழைக்கவில்லை. நிகழ்ச்சி நிரலின் படமொன்றை எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய ஆசிரியை பதினொரு ஆண்டுகள் மதுச்சாலைகளில் ஆடியவர்; ஏறுவதையும் இறங்குவதையும் அங்கேதான் கற்றவர். நிரலில் அவரது பெயருக்குக் கீழே 'பதினொரு ஆண்டு மேடை அனுபவம்' என்று அச்சிடப்பட்டிருந்தது. எந்த மேடை என்பதைத் தாமே முதலில் எழுதிக் கொடுத்ததாகவும், அச்சுக்குப் போகுமுன் பயிற்சியக நிருவாகம் அவ்வரியை நீக்கிவிட்டதாகவும் அவர் என் தமக்கையிடம் கூறினாராம்.