நியூயார்க் போன பாட்டும் நம்ம புதுப்பாளையமும்



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் ரஹ்மான் நிகழ்ச்சி, இளையராஜா நிகழ்ச்சி என்று போய்வந்த படங்களைப் போடுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 15 அன்று ரஹ்மான் ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தினாரே, அது எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் நூற்றாண்டை ஒட்டி நடந்தது. அதே மண்டபத்தில் அம்மா 50 ஆண்டுகளுக்கு முன்பே பாடிவிட்டார். அந்தக் கதையில் நம் நாமக்கல் பக்கத்துக்கும் பங்கு உண்டு. பாடப்புத்தகத்தில் இல்லாததால் வகுப்பில் சொல்ல வாய்த்ததில்லை.

1966 எப்படிப்பட்ட வருடம் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். அரிசிக்குத் திண்டாட்டம். ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் மத்தியானம் கோதுமை உப்புமாவுக்குத் தட்டோடு வரிசையில் நிற்போம். நாடே அப்படித்தான் நின்றது.

அந்த வருடம் அக்டோபர் 23 அன்று, பொதுச்செயலாளர் ஊ தாண்ட் அழைப்பில், அம்மா அங்கே பாடினார். மதுரை வீணை சண்முகவடிவின் மகள். தேவதாசி மரபில் வந்த குடும்பம். இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. சொன்னால்தான் அந்த மேடையின் உயரம் தெரியும். ஐ.நா.வில் உயர் பதவியில் இருந்த சி.வி. நரசிம்மன் இதற்காகப் பாடுபட்டவர். அவரே நன்றாகப் பாடக்கூடியவர். பிறகு அமெரிக்காவில் பல ஊர்களிலும் அம்மா கச்சேரி செய்தார்.

கீர்த்தனைகளோடு அன்று புதிதாக இரண்டு பாட்டு. ஒன்று காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் எழுதிய 'மைத்ரீம் பஜத'. இன்னொன்று ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனை. சென்னையில் மேற்கத்திய இசையில் பெயர்பெற்ற ஹாண்டல் மானுவல் அதை அம்மாவுக்குப் பயிற்றுவித்தார். எழுதியவர் ராஜாஜி. அப்போது அவருக்கு வயது 87.

(குலக்கல்வி பற்றிப் பின்னூட்டம் எழுதக் கை துடிப்பவர்களுக்கு: அதில் எனக்கும் உங்கள் கருத்துதான். இது வேறு விஷயம்.)

கட்டுரையும் கதையும் எழுதிய மனிதர் அந்த வயதில் எதற்கு ஆங்கிலப் பாட்டு எழுத உட்கார்ந்தார்? 1962-இல் அவர் வாஷிங்டன் போய் ஜனாதிபதி கென்னடியை நேரில் பார்த்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் போனார். சேலத்து வக்கீல், வாதத்துக்குக் கேட்க வேண்டுமா! ஆனாலும் வல்லரசுகள் குண்டு செய்வதை விடவில்லை. வாதம் செய்து பார்த்தாயிற்று, இனி பாட்டை அனுப்புவோம் என்று நினைத்திருப்பார் என்பது என் கணிப்பு. அதனால்தான் அதில் இந்தியப் பெருமை இல்லை. எல்லா நாடுகளுக்காகவும் மன்னிப்புக் கேட்கிற பாட்டு அது.

பாட்டு என்ன செய்யும் என்பதை அவர் 1930-இலேயே கண்டவர். அந்த ஏப்ரலில் சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். 240 கிலோமீட்டர். வழிநெடுக அவர்கள் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888-இல் நம்ம மோகனூரில் பிறந்தவர். ஒரு பாட்டு கால்நடையாகக் கடற்கரைக்குப் போனது, இன்னொன்று விமானம் ஏறியது.

அம்மாவுக்கும் ராஜாஜிக்கும் பழக்கம் வந்த வழியிலும் நம் மண் இருக்கிறது. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து வந்த மதுவிலக்குப் பத்திரிகை 'விமோசனம்'. அதில் அவரோடு இருந்து வேலை பார்த்த இளைஞர்தான் கல்கி. பிற்பாடு கல்கியும் அம்மாவின் கணவர் சதாசிவமும் சேர்ந்து 'கல்கி' பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதற்கு முதல் தேடத்தான் அம்மா 1941-இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். ராஜாஜி அந்த வீட்டுப் பெரியவர் மாதிரி.

2016-இல் ஐ.நா. அம்மாவுக்குத் தபால்தலையும் வெளியிட்டது. அங்கே இருக்கிற பிள்ளைகள் யாராவது வாங்கி வைத்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். புதுப்பாளையம் ஆசிரமம் இன்றும் இருக்கிறது, கதர் கிடைக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்வரலாம்.